561: பகா எண் வேடம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பகா எண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைச் சொல்லியிருந்தீர்கள். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனால் வகுபடாத வேறு எந்த எண்ணையும் பகா எண்ணைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 தான் வரும் என்று. இதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். முதலில் 2-ஐ மட்டும் வைத்துச் சோதித்தேன். 341 பகா எண் என்று வந்தது; அது 11 × 31. 3-ஐயும் சேர்த்தேன், மீதி 56 வந்து 341 மாட்டிக்கொண்டது. சரி, நாலைந்து எண்களை வைத்துச் சோதித்தால் போதும் என்று நினைத்தேன்.

பிறகு 561 வந்தது. 2, 5, 7, 13, 19, 23 என்று எதைப் போட்டாலும் மீதி 1. ஆனால் 561 = 3 × 11 × 17. இன்னொரு விசித்திரம்: 3-ஐப் போட்டால் மீதி 375, 11-ஐப் போட்டால் 154, 17-ஐப் போட்டால் 34. நூறுக்குள் இருக்கும் மற்ற எல்லாப் பகா எண்களுக்கும் 1 தான். புரோகிராமில் தவறா, 561-இலேயே ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால், இந்தச் சோதனையை நம்பிப் பெரிய பகா எண்களை எப்படித் தேடுகிறார்கள்? 561-க்கு வேறு சிறப்புகள் உண்டென்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

புரோகிராம் சரியாகத்தான் ஓடுகிறது. 2⁵⁶⁰ என்பது 169 இலக்க எண். அதை முழுதாகப் பெருக்கி வைக்காமல், ஒவ்வொரு படியிலும் 561-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் தந்திருக்கும் நான்கு மீதிகளும் சரி. கோளாறு சோதனையில் இருக்கிறது. ஃபெர்மா சொன்னது ஒருவழிப் பாதை. பகா எண் என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்தால் பகா எண் என்று அவர் சொல்லவில்லை. 1640-இல் சக கணித ஆர்வலர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் தேற்றத்தை மட்டும் எழுதிவிட்டு, நிரூபணம் நீளமாக இருப்பதால் அனுப்பவில்லை என்று நழுவிக்கொண்டார். நிரூபணத்தைப் பிறகு ஆய்லர் தந்தார். அதிலும் மறுபக்கம் இல்லை. இருக்கவும் முடியாது, 561 குறுக்கே நிற்கிறது.

எப்படி ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். 561-ஆல் வகுபடுவது என்றால் 3, 11, 17 மூன்றாலும் தனித்தனியே வகுபடுவது. இந்த மூன்றும் உண்மையான பகா எண்கள், அவற்றுக்கு ஃபெர்மாவின் தேற்றம் பொருந்தும். ஆகவே 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால், 3-ஆல் வகுத்த மீதி ஒவ்வொரு 2 படிக்கும் ஒருமுறை 1-க்குத் திரும்பும். 11-ஆல் வகுத்த மீதி 10 படிக்கு ஒருமுறை. 17-ஆல் வகுத்த மீதி 16-ஆவது படியில் (2-க்கு அதில் பாதியான 8-ஆவது படியிலேயே திரும்பிவிடும், 16-இலும் 1 தான்). மூன்று பேர் மூன்று வட்டப் பாதைகளில் ஓடுகிறார்கள், சுற்று நீளங்கள் 2, 10, 16 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 560 அடி ஓடி முடித்ததும் மூவரும் எங்கே நிற்பார்கள்? 560 = 2 × 280 = 10 × 56 = 16 × 35. மூவரும் புறப்பட்ட கோட்டிலேயே நிற்பார்கள். மூன்று மீதிகளும் 1. அப்படியானால் 561-ஆல் வகுத்த மீதியும் 1.

2-க்கு மட்டும் இல்லை. 3, 11, 17 மூன்றோடும் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணுக்கும் இதே கணக்குதான். 1 முதல் 560 வரை அப்படி 320 எண்கள் இருக்கின்றன. 320-உம் ஒரே குரலில் பொய் சொல்கின்றன.

நீங்கள் விசித்திரம் என்று எழுதிய மூன்று மீதிகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 3-ஐப் போட்டால், 3-ஐச் சுமந்துகொண்டிருக்கும் ஓட்டக்காரர் புறப்பட்ட கோட்டுக்குத் திரும்ப வழியே இல்லை; 3-இன் எந்த அடுக்கையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0. மற்ற இருவர் வழக்கம்போல 1-இல் நிற்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வர வேண்டிய எண் 3-ஆல் வகுபட வேண்டும், 11 × 17 = 187-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். 561-க்குள் 187-ஆல் வகுத்து மீதி 1 தரும் எண்கள் மூன்றே: 1, 188, 375. இதில் 3-ஆல் வகுபடுவது 375 மட்டும். இனி உங்கள் மூன்று எண்களிலிருந்தும் 1-ஐக் கழித்துப் பாருங்கள். 374 = 2 × 11 × 17. 153 = 3 × 3 × 17. 33 = 3 × 11. ஒவ்வொரு மீதியும் மற்ற இரண்டு காரணிகளைக் காட்டிக்கொடுக்கிறது. தவறு என்று நினைத்த இடத்தில்தான் 561-இன் குட்டு முழுவதும் இருந்தது.

ஆனால் இந்தக் குட்டு உடைந்தது 3 சின்ன எண் என்பதால். அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த எண்களுக்கு இப்படி வேடம் போட முடியும்? மேலே உள்ள ஓட்டக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. எண்ணின் காரணிகள் எல்லாம் வெவ்வேறு பகா எண்களாக இருக்க வேண்டும். ஒரு காரணியே இருமுறை வரக்கூடாது. ஒவ்வொரு காரணியிலும் 1-ஐக் கழித்தால் கிடைப்பது, எண்ணிலிருந்து 1-ஐக் கழித்ததை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். இந்த விதியை 1899-இல் கோர்செல்ட் எழுதினார். விதியை எழுதியவர் அதற்குப் பொருந்தும் ஓர் எண்ணைக்கூடத் தரவில்லை. 1910-இல் அமெரிக்கரான ராபர்ட் கார்மைக்கேல் 561-ஐக் கண்டுபிடித்தார், இப்படி வேடம் போடும் எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. இருவருக்கும் முன்பே, 1885-இல், செக் நாட்டுப் பாதிரியார் வாட்ஸ்லாவ் ஷிமெர்கா 561, 1105, 1729, 2465, 2821, 6601, 8911 என்று முதல் ஏழையும் அச்சிலேயே கொடுத்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை. கணிதத்தில் பெயர் வைக்கும் உரிமை முதலில் கண்டவருக்கு அல்ல, முதலில் காதில் விழுந்தவருக்கு.

பத்தாயிரத்துக்குள் அந்த ஏழு மட்டும்தான். நடுவில் இருக்கும் 1729 நம் எல்லோருக்கும் தெரிந்த ராமானுஜன் எண். இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய சிறிய எண். அந்தப் புகழில் அதன் இந்த முகம் மறைந்துபோனது. 1729 = 7 × 13 × 19. 6, 12, 18 மூன்றும் 1728-ஐ வகுக்கும்.

கோர்செல்ட் விதியை வைத்துக்கொண்டு கொஞ்சம் விளையாடினால் 561 தானாக வந்து விழுவதைப் பார்க்கலாம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே காரணிகள் போதுமா என்று முதலில் பார்ப்போம். சிறியது ப, பெரியது ம. ம−1 ஆனது பம−1-ஐ வகுக்க வேண்டும். பம−1 = ப(ம−1) + (ப−1). அப்படியானால் ம−1 ஆனது ப−1-ஐ வகுக்க வேண்டும். ஆனால் ப−1 அதைவிடச் சிறியது. நடக்காது. ஆகவே குறைந்தது மூன்று காரணிகள் வேண்டும். எண் ஒற்றைப்படையாகவும் இருந்தாக வேண்டும்: 2-ஐத் தவிர்த்த எந்தக் காரணியிலும் 1-ஐக் கழித்தால் இரட்டைப்படை, அது வகுக்கும் எண்ணும் இரட்டைப்படை.

மூன்று காரணிகளில் சிறியது 3 என்று வைப்போம். மற்றவை ப, ம; இவற்றில் ம பெரியது. எண் 3பம. அதிலிருந்து 1-ஐக் கழித்ததை 3ப(ம−1) + (3ப−1) என்று எழுதலாம். எனவே ம−1 ஆனது 3ப−1-ஐ வகுக்க வேண்டும். எத்தனை மடங்கு? ஒரு மடங்கு என்றால் ம = 3ப, பகா எண் இல்லை. மூன்று மடங்கோ அதற்கு மேலோ என்றால், ம குறைந்தது ப+2 என்பதால், 3(ம−1) என்பது 3ப−1-ஐத் தாண்டிவிடும். மிஞ்சுவது இரண்டு மடங்கு மட்டும். 3ப−1 = 2(ம−1), அதாவது ம = (3ப+1)/2.

அடுத்து, ப−1 ஆனது 3ம−1-ஐ வகுக்க வேண்டும். அப்படியென்றால் அதன் இரண்டு மடங்கையும் வகுக்கும். ம-இன் மதிப்பைப் போட்டால் அந்த இரண்டு மடங்கு 9ப+1, அதாவது 9(ப−1) + 10. ஆகவே ப−1 ஆனது 10-ஐ வகுக்க வேண்டும். ப−1 என்பது 1, 2, 5, 10 இவற்றில் ஒன்று. ப என்பது 2, 3, 6, 11 இவற்றில் ஒன்று. 2 சிறியது, 3 ஏற்கெனவே வந்துவிட்டது, 6 பகா எண் இல்லை. 11 மட்டும் தப்புகிறது. ம = (33+1)/2 = 17.

3 × 11 × 17. வேறு வழியே இல்லை. மூன்று காரணிகள் கொண்ட கார்மைக்கேல் எண்களில் 3-ஐக் காரணியாக வைத்திருப்பது உலகத்திலேயே 561 ஒன்றுதான், கோடி கோடி இலக்கம் தாண்டித் தேடினாலும். 561-க்கு வேறு சிறப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். என் கணக்கில் இதுதான். 1 முதல் 33 வரை கூட்டினால் 561 வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மாதிரி அலங்காரத்தை எந்த எண்ணுக்கும் தேடிப் போட்டுவிடலாம்.

இப்போது தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 3-ஐப் போட்டதும் 561 மாட்டிக்கொண்டதே, அப்படியே சின்னப் பகா எண்களை வரிசையாகப் போட்டால் எல்லாம் மாட்டிக்கொள்ளாதா? 1939-இல் செர்னிக் ஓர் எளிய வாய்ப்பாடு கொடுத்தார். ஓர் எண்ணை எடுத்து, அதன் 6 மடங்கு, 12 மடங்கு, 18 மடங்கு ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டுங்கள். மூன்றும் பகா எண்களாக இருந்தால் அவற்றின் பெருக்கல் கார்மைக்கேல் எண். 1-ஐ எடுத்தால் 7, 13, 19, நம் 1729. 6-ஐ எடுத்தால் 37, 73, 109, பெருக்கினால் 294409. இதை உங்கள் புரோகிராமில் விட்டுப் பாருங்கள். 2 முதல் 31 வரை பதினோரு பகா எண்களும் மீதி 1 என்றே சொல்லும், 37-இல்தான் சாயம் வெளுக்கும். அதற்குள் இருக்கும் எண்களில் நூற்றுக்கு 95 பொய் சொல்பவை. காரணிகள் ஒவ்வொன்றும் நூறு இலக்கம் என்றால் உண்மை சொல்லும் எண் கையில் சிக்குவதற்கு யுகம் ஆகும். அந்தக் காரணியைத் தேடிப் பிடிக்க முடியும் என்றால் சோதனையே தேவையில்லையே.

இப்படிப்பட்ட எண்கள் தீர்ந்துபோகுமா என்ற கேள்வி நெடுநாள் திறந்தே கிடந்தது. ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரான்ஸ் மூவரும் சேர்ந்து அவை எண்ணற்றவை என்று காட்டிய நிரூபணம் 1994-இல் வெளிவந்தது. 2021-இல் பள்ளி மாணவராக இருந்த டேனியல் லார்சன் இன்னும் ஒரு படி மேலே போனார்: போதுமான அளவு பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் ஒரு கார்மைக்கேல் எண்ணாவது நிச்சயம் இருக்கும்.

சோதனையைச் சரிசெய்வது எப்படி? ஃபெர்மா சோதனை 560-ஆவது படியில் எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. வழியில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. 561-இன் வண்டவாளம் எல்லாம் வழியில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரான 563-ஐப் பாருங்கள். அது உண்மையான பகா எண். 2-ஐப் பெருக்கிக்கொண்டே போனால், 563-ஆல் வகுத்த மீதி முதன்முதலில் 1 ஆவது 562-ஆவது படியில்தான். அதுவரை ஒவ்வொரு மீதியும் புதிது. 561-இல் 2 நாற்பதாவது படியிலேயே 1-க்குத் திரும்பிவிடுகிறது. அப்புறம் அதே நாற்பது எண்களைப் பதினாலு தடவை சுற்றி வந்து, 560-இல் நல்ல பிள்ளையாக நிற்கிறது. வேறு எந்த எண்ணைப் போட்டாலும் 80 படிக்கு மேல் தாங்காது, ஏனென்றால் 2, 10, 16 மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 80.

ஒவ்வொரு படியையும் பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய எண்களுக்கு நேரம் கிடையாது. தேர்ந்த சில படிகளை மட்டும் பார்க்கும் வழியை கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் செம்மைப்படுத்தினார்கள். அடிப்படை இதுதான்: ஒரு பகா எண்ணால் வகுக்கும்போது, எந்த எண்ணின் வர்க்கம் மீதி 1 தருகிறதோ, அந்த எண்ணின் மீதி 1 ஆகவோ −1 ஆகவோதான் இருக்க முடியும். வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், 1 குறைந்ததும் 1 கூடியதும் பெருக்கலாக நிற்கும். பகா எண் அந்த இரண்டில் ஒன்றையாவது வகுத்தாக வேண்டும்.

560-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே கீழே வாருங்கள்: 280, 140, 70, 35. இனி 35-இலிருந்து மேலே ஏறுவோம். 2³⁵-ஐ 561-ஆல் வகுத்த மீதி 263. அதை வர்க்கப்படுத்தினால் 69169, மீதி 166. அதை வர்க்கப்படுத்தினால் 27556, மீதி 67. அதை வர்க்கப்படுத்தினால் 4489, மீதி 1.

நிறுத்துங்கள். 67-இன் வர்க்கம் 1. ஆனால் 67 என்பது 1-உம் இல்லை, −1-க்குச் சமமான 560-உம் இல்லை. எந்தப் பகா எண்ணும் இப்படி நடந்துகொள்ளாது. 561 கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது, அதுவும் 2-ஐ வைத்தே. ஃபெர்மா சோதனையில் அதற்காகப் பொய் சாட்சி சொன்ன அதே 2. அதோடு முடியவில்லை. 67-க்கு இருபக்கமும் பாருங்கள்: 66, 68. 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 33. 68-க்கும் 561-க்கும் 17. பகு எண் என்று நிரூபித்த கையோடு காரணிகளும் மடியில் விழுகின்றன.

ஃபெர்மா சோதனையில் 560-இல் 320 எண்கள் பொய் சொன்னன அல்லவா? இந்தச் சோதனையில் பொய் சொல்பவை 10 மட்டும், அதில் 1-உம் 560-உம் பெயருக்கு இருப்பவை. எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணை எடுத்தாலும் பொய் சொல்பவை கால் பங்கைத் தாண்டாது என்று நிரூபணமே இருக்கிறது. ஆகவே இருபது தடவை தற்செயலாக எண்களைப் பொறுக்கிச் சோதித்தால், ஒரு பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

அந்த ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி. பாஸ்கல் முக்கோணத்தில் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேலே உள்ள இரண்டின் கூட்டல்) ஓர் எண்ணின் வரிசைக்குப் போனால், ஓரத்து 1-களைத் தவிர மற்ற எல்லாம் அந்த எண்ணால் வகுபட்டால் அது பகா எண். ஒன்றாவது வகுபடாவிட்டால் பகு எண். இது இருவழிப் பாதை. 561-ஆவது வரிசையில் 1-ஐத் தாண்டி வரும் முதல் எண் 561, அடுத்தது 561 × 280, இரண்டும் வகுபடும். மூன்றாவது எண் 187 × 280 × 559. இதில் எதுவும் 3-ஆல் வகுபடவில்லை. மூன்றாவது அடியிலேயே சறுக்கல். பெரிய எண்களுக்கு வரிசை முழுவதையும் எழுத முடியாது. அந்த வேலையைச் சுருக்கி, வேகமாகவும் சந்தேகத்துக்கு இடமில்லாமலும் முடிக்க முடியும் என்று 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் காட்டினார்கள். கோட்பாட்டில் அது ஒரு பெரிய பாய்ச்சல். நடைமுறையில் மில்லர்-ராபின் அதைவிட வேகமானது, ஆகவே அதுவே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கவலை. கணினியில் தகவலைப் பூட்டும் ரகசியச் சாவிகளுக்காகப் பெரிய எண்ணைத் தற்செயலாகப் பொறுக்கும்போது கார்மைக்கேல் எண் வந்து மாட்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. 10²¹ வரை மொத்தமே 2,01,38,200 தான் இருக்கின்றன. சுமார் ஐம்பது லட்சம் கோடி எண்களுக்கு ஒன்று. மேலே போகப் போக இன்னும் அரிது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: எண்ணை நீங்கள் பொறுக்காமல் இன்னொருவர் கொடுக்கும்போது. ஏமாற்ற நினைப்பவர் தேடிச் செய்து கொண்டுவருவார். 1995-இல் அர்னோ 397 இலக்கக் கார்மைக்கேல் எண் ஒன்றைக் கட்டினார். 307-க்குக் குறைவான எல்லாப் பகா எண்களையும் வைத்து மில்லர்-ராபின் செய்தாலும் அது தப்பிக்கும். ஆகவே எண் வெளியிலிருந்து வந்தால், 2, 3, 5 என்று முன்கூட்டியே தெரிந்த வரிசையில் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தற்செயலாகப் பொறுக்குங்கள்.

உங்கள் புரோகிராம் 64 பிட் எண்களோடு நிற்கும் என்றால் இந்தக் கவலையும் வேண்டாம். 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை வைத்து மில்லர்-ராபின் செய்தால் போதும், அந்த எல்லைக்குள் ஒன்றுகூடத் தப்பாது என்று சோதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். வர்க்கப்படுத்தும்போது மட்டும் எண் 128 பிட்டுக்குப் போகும், அதற்கு இடம் விடுங்கள். எழுதி முடித்ததும் முதலில் 1105-ஐ விட்டுப் பாருங்கள். 2-ஐ வைத்து ஏறும்போது, 1-க்கு முந்தைய படியில் 781 வர வேண்டும். 780, 782 இரண்டிலிருந்தும் 65-உம் 17-உம் பிரிந்து வர வேண்டும்.

அன்புடன்.